‘பால்’ என்பதில் ‘ப்’ போனால்

தில்லியில் தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற இடம் ஆர்.கே.புரமோ ஜனக்புரியோ மயூர் விஹாரோ, இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழும். பையன் நாலாம் வகுப்பு. மகாபாரதத்தை ஒரு தடவை கேட்டால் போதும், யார் யாருக்கு மகன், யார் எந்தப் பக்கம் என்று ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்வான். காய்கறி வண்டிக்காரரிடம் இந்தியில் பேரம் பேசுவான், பாட்டியிடம் தமிழில் வம்பளப்பான். புத்தகத்தை விரித்துக் கொடுத்தால் மட்டும் ஒரு பத்தியைக் கடக்கப் பத்து நிமிஷம். அதிலும் ஒரு விசித்திரம். இந்திப் பாடத்தைத் திக்கித் திணறியாவது முடித்துவிடுகிறான். ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்துச் சொல்கிறான். பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் டீச்சர் சொல்வது வழக்கமான வாசகம்: “கெட்டிக்காரப் பையன்தான், கவனம்தான் போதாது.”

கவனம் போதாதவனுக்கு மகாபாரதம் எப்படி மனப்பாடமாயிற்று? கவனம் இந்தி வகுப்பில் கொஞ்சம் இருந்து ஆங்கில வகுப்பில் மட்டும் காணாமல் போகுமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடினால், பள்ளியிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

பேச்சும் வாசிப்பும் ஒரே திறமையின் இரண்டு பக்கங்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. பேச்சு மனித இனத்தோடு கூடப் பிறந்தது. யாரும் பாடம் நடத்தாமலே குழந்தை பேசிவிடும். எழுத்து வந்து ஐயாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம்தான் கூட. மூளையில் வாசிப்பதற்கென்று பிறவியிலேயே ஒதுக்கிய இடம் கிடையாது. பார்ப்பதற்கும் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் இருக்கிற பகுதிகளை இணைத்து ஒவ்வொரு பிள்ளையும் புதிதாக ஒரு பாதை போட்டுக்கொள்ள வேண்டும். இது ஊகமாகச் சொல்வதல்ல. லக்னோவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் எழுத்தறியாத பெரியவர்களுக்கு, பெரும்பாலும் பெண்கள், ஆறு மாதம் தேவநாகரி கற்றுக்கொடுத்து, கற்பிக்கும் முன்பும் பின்பும் அவர்கள் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். 2017-ல் வெளியான அந்த ஆய்வில், பார்வை சம்பந்தப்பட்ட பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கும் விதமே மாறியிருந்தது தெரிந்தது. முப்பது வயதைத் தொட்ட பிறகும் எழுத்து மூளையை மாற்றுகிறது.

அந்தப் பாதை எப்படிப் போடப்படுகிறது? ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையத்தில் முதல் தடவை லைன் மாறுகிறவரைப் பாருங்கள். ஒவ்வொரு பலகையாகப் படித்து, அம்புக்குறியைப் பார்த்து, நின்று நின்று போவார். தினம் போகிறவருக்குப் பலகையே தேவையில்லை, போனில் பேசிக்கொண்டே கால் தானாக நடக்கும். வாசிப்பிலும் இந்த இரண்டு வழிகள் உண்டு. எழுத்தை ஒலியாக்கி, ஒலிகளைக் கூட்டிச் சொல்லை அடைவது ஒன்று. இதை ஒலிவழி என்று வைத்துக்கொள்வோம். சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் முழுசாக அடையாளம் காண்பது பார்வைவழி. இதில் பலரும் கவனிக்கத் தவறுவது, பலகை பார்த்துப் பல தடவை நடந்தவருக்குத்தான் கால் தானாகப் போகும் என்பதை. ஒலிவழியில் ஒரு சொல்லைப் பலமுறை சரியாகக் கடந்தவருக்குத்தான் அது பார்வைவழிக்கு மாறுகிறது. ஒலிவழியே அடைத்துக்கொண்ட பிள்ளைக்கு வேகம் எங்கிருந்து வரும்?

ஒலிவழி அடைபடுவது எங்கே என்பதற்கு வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. காகிதம் பேனா வேண்டாம். ‘பால்’ என்று சொல்லுங்கள். இப்போது அதில் முதலில் வருகிற ‘ப்’ என்ற ஒலியை மட்டும் எடுத்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ‘ஆல்’ என்று வரவேண்டும். வாசிக்கத் தெரிந்த பெரியவருக்கு ஒரு நொடி வேலை. தடுமாறும் பிள்ளை யோசித்து ‘ல்’ என்பான். அவன் மக்கு அல்ல. ‘பா’ என்பது அவன் காதுக்கு உடைக்க முடியாத ஒரே துண்டு, அதை அப்படியே எடுத்துவிட்டான். அதற்குள் ‘ப்’ என்றும் ‘ஆ’ என்றும் இரண்டு ஒலிகள் ஒட்டிக்கொண்டிருப்பது அவனுக்குக் கேட்பதில்லை. பேசுவதற்கு இந்தப் பிரிப்பு தேவையே இல்லை, அதனால் பேச்சில் ஒரு குறையும் தெரியாது. சொல்லுக்குள் இருக்கும் ஒலித்துண்டுகளைத் தனித்தனியே உணர்ந்து கையாளும் இந்தத் திறமையை ஒலியுணர்வு எனலாம். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதுதான் பலவீனம். ஒரு எச்சரிக்கை: நாலைந்து வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ‘ல்’ என்றுதான் சொல்வார்கள். இந்திய எழுத்துகளைக் கற்கும் பிள்ளைகளுக்கு ஒலியன் அளவிலான இந்தப் பிரிப்பு இன்னும் தாமதமாகவே வரும் என்பதைக் கன்னடம் கற்கும் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, ஒரு கேள்வியை வைத்து வீட்டில் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

ஒலியுணர்வு குறைந்ததால் வாசிப்பு வரவில்லையா, வாசிக்காததால் ஒலியுணர்வு வளரவில்லையா? நியாயமான சந்தேகம். பல வருஷம் இதற்குத் தெளிவான பதில் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற இருவர் 1983-ல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாக அவிழ்த்தது. இன்னும் வாசிக்கத் தொடங்காத நாலைந்து வயதுக் குழந்தைகள் சுமார் 400 பேரிடம் ஒரு காது விளையாட்டு ஆடினார்கள். சில சொற்களைச் சொல்லி, ஒலியில் சேராததைக் கண்டுபிடிக்கச் சொல்வது. தமிழில் என்றால் ‘கல், பல், சொல், மண்’ என்று கேட்பது மாதிரி. நான்கு வருஷம் கழித்து அதே பிள்ளைகளின் வாசிப்பை அளந்தார்கள். அன்று காது விளையாட்டில் தடுமாறியவர்களே இன்று வாசிப்பிலும் பின்தங்கியிருந்தார்கள். புத்தி அளவீட்டைக் கழித்துப் பார்த்தாலும் அந்தத் தொடர்பு நின்றது.

முன்னால் வந்தது என்பதாலேயே ஒன்று காரணமாகிவிடாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் மோசமாகச் செய்த 65 பேரை நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு வருஷத்தில் 40 அமர்வுகள், படங்களை ஒலிப்படி சேர்க்கும் பயிற்சி. இரண்டாவது குழுவுக்கு அதே பயிற்சியோடு, ஒலிகளுக்குரிய பிளாஸ்டிக் எழுத்துகளும் கையில் தரப்பட்டன. மூன்றாவது குழு அதே படங்களைப் பொருள்படி சேர்த்தது: கோழியும் பூனையும் ஒரு பக்கம், தொப்பியும் சட்டையும் ஒரு பக்கம் என்கிற மாதிரி. நாலாவது குழுவுக்கு எதுவும் இல்லை. மூன்றாவது குழு எதற்கு என்றால், ‘பெரியவர் ஒருவர் உட்கார்ந்து அன்பாகக் கவனித்ததால்தான் முன்னேறினார்கள்’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே, அதற்கு. முடிவில் ஒலியும் எழுத்தும் சேர்த்துக் கற்ற இரண்டாவது குழு தெளிவாக முந்தியது. ஒலி மட்டும் கற்றவர்கள் கொஞ்சம் முன்னால் நின்றாலும் அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. இன்றுவரை உலகெங்கும் நல்ல சிறப்பாசிரியர்கள் செய்வதன் அடிப்படை இதுதான்: ஒலியைப் பிரி, உடனே எழுத்தோடு ஒட்டு, திரும்பத் திரும்பச் செய்.

இதில் கண்ணுக்கு எங்கே இடம்? இல்லை. எழுத்தைக் கண்ணாடி பிம்பமாக மாற்றி எழுதுவது எல்லாச் சின்னப் பிள்ளைகளும் செய்வதுதான். கலர் கண்ணாடி மாட்டினால் டிஸ்லெக்சியா தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொல்லும் அறிவுரைக்கும் ஆதாரம் இல்லை. தில்லியில் இந்த அறிவுரை மிகச் சாதாரணமாகக் கிடைக்கிறது, எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் யாருக்கும் டிஸ்லெக்சியா வருவதில்லை. பிள்ளையிடமிருந்து பாட்டியைப் பிரித்ததுதான் மிச்சம்.

புத்திக்கும் இடம் இல்லை. ‘புத்தி அதிகம், வாசிப்பு கம்மி, அப்படியென்றால்தான் டிஸ்லெக்சியா’ என்பது நெடுநாள் நிலவிய வரையறை. 2011-ல் தனாகாவும் ஹோஃப்டும் சகாக்களும் 130-க்கும் அதிகமான பிள்ளைகளிடம், காட்டிய இரண்டு சொற்கள் எதுகையாக ஒலிக்கின்றனவா என்று கேட்டு ஸ்கேன் எடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களில் ஐ.க்யூ. உயர்ந்தவர், தாழ்ந்தவர் இரு சாராரிடமும் இடது மூளையின் அதே பகுதிகள் ஒரே மாதிரிதான் மந்தமாக இருந்தன. படித்த வீட்டுப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா, கட்டடத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு ‘படிப்பு ஏறாது’ என்று நம் ஊரில் பெயர் மாறுவதற்கு அறிவியலில் இடம் இல்லை.

இனி அந்த விசித்திரத்துக்கு வருவோம். இந்தி ஏன் ஓரளவு வருகிறது, ஆங்கிலம் ஏன் வரவில்லை? எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள ஒப்பந்தம் மொழிக்கு மொழி வேறு. தேவநாகரியில் சொல் நடுவிலும் கடைசியிலும் சில அகரங்கள் விழுங்கப்படுவது போன்ற சில சிக்கல்கள் தவிர, எழுதியபடி வாசித்தால் பெரும்பாலும் சரியாக வரும். ஆங்கிலத்தில் சி-யு-டி ‘கட்’, பி-யு-டி ‘புட்’. இத்தாலி மொழி இந்தி மாதிரி ஒழுங்கானது. 2001-ல் பவுலேசு குழுவினர் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து மூன்று நாட்டிலும் டிஸ்லெக்சியா உள்ள கல்லூரி மாணவர்களை ஒப்பிட்டார்கள். வாசித்தபோது மூவரின் மூளையிலும் இடது பக்கம் ஒரே இடத்தில் செயல்பாடு குறைவு. ஒலியுணர்வுச் சோதனையிலும் மூவரும் ஒரே அளவு பலவீனம். ஆனால் இத்தாலியர்கள் மற்ற இருவரைவிடப் பிழை குறைவாக வாசித்தார்கள். குறை ஒன்றுதான், எழுத்து அதை மறைக்கிறது அல்லது காட்டிக்கொடுக்கிறது.

தில்லிக்குப் பக்கத்திலேயே, மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில், நந்தினி சாட்டர்ஜி சிங்கின் குழு இதை இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் சோதித்தது. சின்ன வயதிலேயே இரண்டையும் சேர்த்துக் கற்றவர்களை ஸ்கேனருக்குள் வாசிக்க வைத்தபோது, இந்திக்கு ஒலிவழியோடு சம்பந்தப்பட்ட பகுதியும் ஆங்கிலத்துக்குப் பார்வைவழியோடு சம்பந்தப்பட்ட பகுதியும் மேலோங்கி இயங்கின. ஒரே தலைக்குள் இரண்டு தடம். 2011-ல் வெளியான ஆய்வு இது. பார்வைவழியை இன்னும் கட்டிக்கொள்ளாத நம் நாலாம் வகுப்புப் பையன் இந்தியில் ஊர்ந்து போய்ச் சேர்ந்துவிடுகிறான், ஆங்கிலத்தில் மாட்டிக்கொள்கிறான்.

தமிழ் எந்தப் பக்கம்? ஒழுங்கான பக்கம்தான். ஆனாலும் அதற்கென்று சில முட்டுக்கட்டைகள் உண்டு. 247 எழுத்து வடிவங்கள் பழக வேண்டும். ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ மூன்றிலும் ஒரே ‘க’, ஒலி மூன்று. ‘கொ’ என்பதில் உயிர்க்குறி மெய்யின் இரண்டு பக்கமும் நிற்கிறது, காதோ அப்படிக் கேட்பதில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைக்கு மூன்று எழுத்துமுறைகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. அவனை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் பழகாமையும் குறைபாடும் ஒன்றாகக் குழம்பும், இந்தியில் மட்டும் மேலோட்டமாகச் சோதித்தால் தப்பித்துவிடுவான். பெங்களூர் நிம்ஹான்ஸ் தயாரித்த சோதனைத் தொகுப்புதான் குறைபாட்டுச் சான்றிதழுக்கு அரசு 2018-ல் குறிப்பிட்ட கருவி. மானேசர் மையம் 2015-ல் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் நான்கிலும் ‘டாலி’ என்ற தொகுப்பை வெளியிட்டது. அதில் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒன்றும் மூன்று முதல் ஐந்து வரை ஒன்றுமாக, வகுப்பாசிரியரே பயன்படுத்தக்கூடிய முதல்கட்டச் சோதனைகளும் இருக்கின்றன. பிள்ளைக்கு எந்தெந்த மொழியில் சோதனை நடந்தது என்று அறிக்கை வாங்கும்போதே கேளுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். 1995-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைகளைச் சொன்னது, டிஸ்லெக்சியா அடங்கும் கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ன் சட்டத்தில் வகைகள் 21 ஆயின, இதுவும் உள்ளே வந்தது. அந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து தக்க கற்பித்தல் முறைகளைக் கையாள அரசு முயல வேண்டும் என்கிறது. தில்லியில் இதற்கு முன்பே ஒரு போராட்டம் நடந்தது. வழக்கறிஞர் அசோக் அகர்வாலின் சோஷியல் ஜூரிஸ்ட் அமைப்பு தொடுத்த வழக்கில், பள்ளிக்குக் குறைந்தது இரண்டு சிறப்பாசிரியர்கள் வேண்டும் என்று 2009 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லாப் பள்ளியிலும் ஒரு சிறப்பாசிரியராவது இருக்க வேண்டும் என்று 2015-ல் சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை விட்டது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கணக்கே கொடுத்தது: தொடக்க நிலையில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர்.

எண்ணிக்கையோடு நிற்கக் கூடாது. சிறப்பாசிரியருக்கான பி.எட். பல பிரிவுகளாக நடக்கிறது. செவித்திறன், பார்வை, அறிவுவளர்ச்சி, கற்றல் குறைபாடு என்று ஒவ்வொன்றும் தனிப் பயிற்சி. சைகை மொழியில் தேர்ந்தவர் அதனாலேயே ‘ப்’பையும் ‘ஆ’வையும் பிரிக்கக் கற்பிப்பார் என்று சொல்ல முடியாது. அட்மிஷனுக்குப் போகும்போது ‘ஸ்பெஷல் எஜுகேட்டர் இருக்கிறாரா’ என்று கேட்டால் ‘இருக்கிறார்’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். எந்தப் பிரிவில் படித்தவர், வாரத்துக்கு எத்தனை பீரியட், தனியாகவா பத்துப் பேரோடா, ஒலியையும் எழுத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் பாடமா வீட்டுப்பாடத்தை முடிக்க உதவுவதா, முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பார் என்று தோண்டிக் கேட்க வேண்டும். நல்ல பள்ளி இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது.

என் வாதம் இதுதான்: நம் ஏற்பாட்டில் சலுகைக்கான வழி அகலமாகவும், பாடத்துக்கான வழி சந்தாகவும் இருக்கிறது. சான்றிதழ் கையில் இருந்தால் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் மூன்று மணிநேரத் தாளுக்கு ஒரு மணிநேரம் கூடுதல், சொல்வதை எழுத ஒருவர், இரண்டு மொழிக்குப் பதில் ஒரே மொழி, சாதாரணக் கால்குலேட்டர் என்று வரிசையாகக் கிடைக்கும். அவை தேவைதான். ஆனால் சான்றிதழ் முதன்முதலாகக் கிடைப்பதே எட்டு வயது முடிந்த பிறகு, 2018 ஜனவரி அறிவிக்கையின்படி. ஒலியுணர்வு நாலைந்து வயதிலேயே அளக்கக்கூடியது என்பதைப் பார்த்தோம். எட்டு வயது வரை சான்றிதழை ஒத்திப்போடுவதற்கு நியாயம் உண்டு, தாமதமாக மலரும் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடக் கூடாது. பாடத்தை ஒத்திப்போட என்ன நியாயம்? ‘முதலில் சர்ட்டிஃபிகேட் கொண்டுவாங்க, அப்புறம் பார்க்கலாம்’ என்று பள்ளி சொன்னால் அது சட்டத்தில் இல்லாத நிபந்தனை. ஒலியும் எழுத்தும் சேர்ந்த பாடம் குறைபாடு இல்லாத பிள்ளைக்குக் கொடுத்தாலும் கெடுதல் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வாசிப்புத் திறன் ஓரிடத்தில் சட்டென்று அறுந்து இரண்டு வகைப் பிள்ளைகளாகப் பிரிவதில்லை, தொடர்ச்சியாக இறங்கிப் போகிறது என்று 1992-லேயே சாலி ஷேவிட்ஸ் குழு காட்டியது. சான்றிதழுக்கு ஒரு கோடு போட்டே ஆக வேண்டும். கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கும் பிள்ளைக்குச் சலுகை கிடைக்காது. பாடமும் கிடைக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

எட்டு வயது கடந்துவிட்டால் காலம் போய்விட்டதா? அமெரிக்காவில் ஜோசஃப் டோர்கெசன் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், மிகக் கடுமையான வாசிப்புக் குறைபாடுள்ள எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் 60 பேருக்கு, ஒருவருக்கு ஒரு ஆசிரியர் என்று, தினம் 50 நிமிஷமாக இரண்டு அமர்வுகள், எட்டு வாரம் பாடம் நடந்தது. மொத்தம் 67.5 மணிநேரம். பிழையில்லாமல் வாசிப்பதிலும் பொருள் புரிவதிலும் பெரிய முன்னேற்றம், இரண்டு வருஷம் கழித்தும் அது நின்றது. ஒரு வருஷத்துக்குள் ஐந்தில் இருவருக்குச் சிறப்பு வகுப்பே தேவைப்படவில்லை. வேகம் மட்டும் சகாக்களுக்கு இணையாக வரவில்லை. வாரத்துக்கு ஒரு பீரியட் கொடுத்துவிட்டு ‘பலனில்லையே’ என்று கைவிரிப்பவர்கள் அந்த 67.5-ஐப் பார்க்க வேண்டும். கூடுதல் நேரம் ஏன் நியாயமானது என்பதற்கும் இதே ஆய்வு சாட்சி. நன்றாகக் கற்பித்த பிறகும் மிஞ்சி நிற்பது வேகக் குறைவுதான், ஒரு மணிநேரம் ஈடுகட்டுவது அதைத்தான்.

சான்றிதழ் வாங்கத் தில்ஷாத் கார்டன் இஹ்பாஸ் போன்ற அரசு மருத்துவமனைகளுக்குப் போக வேண்டும். பல தடவை அலைய நேரும், பள்ளியின் பழைய நோட்டுகளையும் டிக்டேஷன் தாள்களையும் தூக்கிப்போடாமல் எடுத்துப் போங்கள். முதல் சான்றிதழோடு வேலை முடியாது. 14 வயதில் மறுசோதனை, 18-ல் இன்னொன்று, அதன் பிறகு ஆயுளுக்கும் செல்லும். 14 என்பது பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பு, சி.பி.எஸ்.இ. பதிவு நடக்கும் வருஷம். சலுகைக்கான விண்ணப்பம் பள்ளி மூலமாகத்தான் போகும், ஆகவே புதுப்பித்த சான்றிதழ் அதற்குள் கையில் இருப்பது நல்லது. கூடுதல் நேரத்தையும், எழுதித் தருபவரையும் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைகளிலேயே பழக்கிவிடச் சொல்லிப் பள்ளியிடம் கேளுங்கள். மனதில் இருக்கிற விடையை இன்னொருவர் எழுதும் வேகத்துக்கு நிறுத்தி, வரி வரியாகச் சொல்வது தனியாகக் கற்க வேண்டிய வேலை. பொதுத்தேர்வு ஹாலில் முதல் தடவையாகச் செய்து பார்க்கக் கூடியது அல்ல.